நஞ்சு, நச்சு, விஷம்: துண்டறிக்கையில் எந்தச் சொல்லைப் போடுவது?

கேள்வியை இரண்டு முறை படித்தேன். நஞ்சு, நச்சு, விஷம் மூன்றும் ஒன்றா, எது சுத்தத் தமிழ் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பின்னணியும் சொல்லியிருக்கிறீர்கள்: ஊர் விவசாயிகளுக்காகப் பூச்சிக்கொல்லி பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறீர்கள், அதில் 'நச்சுத்தன்மை' என்று போட்டதைப் படித்த உங்கள் பெரியப்பா "அப்படின்னா?" என்று கேட்டிருக்கிறார், மாடு கன்று போட்டதும் விழுவதையும் உங்கள் பக்கத்தில் 'நஞ்சு' என்றுதான் சொல்கிறார்கள். ஆக, சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் எதை எழுதுவது என்பது தானாகவே முடிவாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். அப்படி முடிவாகாது என்பதுதான் என் கருத்து. மருத்துவ, வேளாண் கையேடுகளைத் தமிழில் பெயர்ப்பது பல வருடங்களாக என் தொழில். இந்த மூன்று சொற்களோடும் அதில் நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன், ஊகங்களை ஊகம் என்றே சொல்கிறேன்.

நச்சு வேறு சொல் அல்ல, நஞ்சுதான். தனியாக நிற்கும்போது நஞ்சு, இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டும்போது நச்சு. மருந்து என்பது மருத்துவம், மருத்துப்பை என்று ஆகிறதே, இரும்பு இருப்புப்பாதை ஆகிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. நடுவில் இருக்கும் மெல்லெழுத்து தன் இனமான வல்லெழுத்தாக மாறும். 'மென்றொடர் மொழியுட் சில வேற்றுமையில்' இப்படித் திரியும் என்று நன்னூல் விதியே சொல்கிறது. அதில் 'சில' என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் திரியாது. நச்சுப்பாம்பு, நச்சுப்பல், நச்சுப்பை, நச்சுமரம் என்று சொல்லும் அதே வாய் நஞ்சுக்கொடி என்றும் சொல்கிறது. வினை பின்னால் வந்தால் திரிபே இல்லை: நஞ்சு கலந்த, நஞ்சுண்ட. எனவே 'நச்சு' என்று தனியாக எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் அது பாதியில் நிற்கும் சொல். 'இதில் நச்சு இருக்கிறது' என்று இன்றைக்குப் பலரும் எழுதுகிறார்கள், நாளைக்கு வழக்காகிவிடலாம், ஆனால் எனக்கு இன்னும் கை வரவில்லை. 'இதில் நஞ்சு இருக்கிறது', 'இது நச்சுப்பொருள்' என்றுதான் எழுதுவேன்.

இதே ஒலியில் இன்னொரு நச்சு உண்டு, அது முற்றிலும் வேறு. நச்சுதல் என்றால் விரும்புதல். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் பெயருக்குத் தம்மை விரும்பியவர்களுக்கு இனியவர் என்று பொருள். விஷத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, பாவம். வள்ளுவர் இந்த இரண்டு நச்சுகளையும் ஒரே குறளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளையாடியிருக்கிறார்: 'நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.' யாராலும் விரும்பப்படாதவனின் பணம், ஊர் நடுவில் நச்சுமரம் பழுத்துக் குலுங்குவதைப் போன்றது. அந்த மரம் எட்டி மரம் என்று பலர் பொருள் சொல்வார்கள். எட்டிப் பழம் பார்க்க ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும், விதையில் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, 'எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்ன' என்ற பழமொழியும் பொருந்தி வருகிறது. ஆனால் குறளில் மரத்தின் பெயர் இல்லை. எட்டி என்பது படிப்பவர் சேர்த்துக்கொண்டது, பொருத்தமான சேர்க்கை.

நஞ்சை நிலத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நன்செய், புன்செய் என்ற சொற்கள்தான் நஞ்சை, புஞ்சை ஆயின. நாஞ்சில் என்றால் கலப்பை. இவற்றில் எதிலும் விஷம் இல்லை.

நஞ்சு தமிழ்ச்சொல்லா என்றால், ஆம். தமிழுக்கு மட்டும் உரியதா என்றால், இல்லை. மலையாளத்தில் நஞ்சு, கன்னடத்திலும் துளுவிலும் கிட்டத்தட்ட அதே வடிவம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இவையெல்லாம் ஒரே குடும்பமாக வைக்கப்பட்டிருக்கின்றன. மலையாளத்தில் 'நஞ்செந்தினு நானாழி' என்று ஒரு பழமொழி உண்டு. விஷம் எதற்கு நாலு நாழி, துளி போதாதா என்று அர்த்தம். ஆற்றில் விஷச்செடியைக் கலக்கி மீன் பிடிப்பதற்கும் அங்கே 'நஞ்சு கலக்குதல்' என்றுதான் பெயர். நம் பக்கம் சங்க இலக்கியத்திலேயே சொல் தாராளமாக வருகிறது. புறநானூற்றில் ஐந்து தலை நாகத்துக்கு 'நஞ்சுடை வால் எயிறு'. நற்றிணையில் 'முந்தை யிருந்து நட்டோர் கொடுப்பின் நஞ்சும் உண்பர் நனிநா கரிகர்': கூடப் பழகியவர் எதிரில் உட்கார்ந்து கொடுத்தால், நயம் தெரிந்தவர்கள் நஞ்சைக்கூடச் சாப்பிட்டுவிடுவார்களாம். 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்' என்ற குறளும் இதே கருத்துதான். ஆக வயதைப் பற்றிச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் அதற்கும் முந்தைய வேரில்தான். நைதல் என்ற வினையிலிருந்து, அதாவது நைந்து அழியச் செய்வது என்ற பொருளில் நஞ்சு பிறந்தது என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பேச்சில் 'துணி நைஞ்சு போச்சு' என்கிறோம், அதனால் காதுக்கும் ஒத்துவருகிறது. ஆனால் காதுக்கு ஒத்துவருவது சான்று ஆகாது. நைந்து என்பது பேச்சில் நைஞ்சு ஆனது பிற்காலத்து மாற்றம். நஞ்சோ மிகப் பழைய நூல்களிலேயே இதே வடிவத்தில் இருக்கிறது, கூடப் பிறந்த மொழிகளிலும் அப்படியே இருக்கிறது. எனவே இதைச் சாத்தியம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், துண்டறிக்கையில் அடிக்குறிப்பாகப் போட்டுவிட வேண்டாம்.

மாட்டு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். கன்று போட்ட பிறகு வெளியே வரும் சவ்வுப் பகுதியை நஞ்சு, நஞ்சுக்கொடி, சில இடங்களில் இளங்கொடி என்கிறார்கள். பல ஊர்களில் அதை வைக்கோலோடு சேர்த்துக் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாடும் நன்றாகப் பால் கறக்கும் என்று நம்பிக்கை. கன்றைக் கருவில் வளர்த்த உறுப்புக்கு விஷத்தின் பெயர் ஏன்? எழுத்து ஆதாரத்தோடு விடை சொல்ல முடியாது. எனக்குச் சரியென்று படும் விளக்கம் இது: விழவேண்டிய நேரத்தில் அது விழாமல் உள்ளே தங்கினால் அழுகும், கருப்பை சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், சில மாடுகள் செத்தும் போகும். கன்னடத்தில் புண் சீழ் வைத்துக் கெட்டுப்போவதை 'நஞ்சு' என்றே சொல்வார்கள். அங்கே அந்தச் சொல் பாம்பு விஷத்தையும் குறிக்கும், புண்ணில் ஏறும் கெடுதலையும் குறிக்கும். தமிழிலும் ஒரு காலத்தில் அந்த இரண்டாவது பொருள் இருந்து, அது இந்த ஒரு சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டு மிஞ்சியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் உங்கள் பெரியப்பா காதில் 'நஞ்சு' என்றவுடன் முதலில் மாடு நினைவுக்கு வந்தால் அவர் மேல் தப்பில்லை. உங்கள் அறிக்கை மாடு வளர்ப்பவர்களுக்கும் போகிறது என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: அரை நாள் தாண்டியும் அது விழவில்லை என்றால் கையால் பிடித்து இழுக்கக்கூடாது, கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அடுத்து விஷம். இது வடமொழிச் சொல், அதில் விவாதம் இல்லை. விடம் என்பது அதன் தமிழ்ப்படுத்திய வடிவம். வருஷம் வருடம் ஆனது போல, புருஷன் புருடன் ஆனது போல, ஷகரம் டகரமாகியிருக்கிறது. வடசொல்லை எடுத்தால் வட எழுத்தை நீக்கி எழுது என்ற தொல்காப்பிய மரபு இது. தேவாரத்திலும் புராணங்களிலும் விடம் நிறைய வரும், இன்றைக்குப் பேச்சில் யாரும் விடம் என்று சொல்வதில்லை. ஆலம், ஆலகாலம் என்பவையும் வடமொழி வழி வந்தவையே, பாற்கடல் கடைந்தபோது எழுந்த விஷத்தின் பெயர். திருவாலங்காட்டு ஆலம் அந்த ஆலம் அல்ல, அது ஆலமரக் காடு.

இந்த விஷத்துக்குத் தூரத்து உறவினர் ஒருவர் உண்டு. லத்தீனில் விஷத்தைக் குறித்த 'வைரஸ்' என்ற சொல்லும் சமஸ்கிருத 'விஷ'வும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. இது ஊகம் அல்ல, ஒப்பியல் மொழியியலில் நிலைபெற்ற செய்தி. நம் ஊரில் விஷக்காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்ததும், ஆங்கில மருத்துவம் வைரல் காய்ச்சல் என்று சொல்வதும் எப்படியோ ஒரே சொல்லைத் தொட்டுவிட்டன, இது தற்செயல்தான். தமிழில் வைரஸுக்கு நச்சுயிரி என்று பெயர் வைத்தவர்கள் அந்த லத்தீன் பொருளைப் பின்பற்றியிருக்க வேண்டும். கணினி வைரஸுக்கு நச்சுநிரல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். கொரோனா காலத்தில் தீநுண்மி என்பது அதிகம் அடிபட்டது. மக்கள் மூன்றையும் விட்டுவிட்டு வைரஸ் என்றே சொன்னார்கள். விஷமம், விஷமக்காரப் பையன் என்பவை மட்டும் இந்தக் குடும்பம் அல்ல. அவை 'விஷம' என்ற வேறு வடசொல்லிலிருந்து வந்தவை, சமமில்லாதது, கோணலானது என்று அடிப்படைப் பொருள். விஷயம் என்பதும் வேறுதான்.

சரி, பிறப்பு இப்படி. புழக்கம் எப்படி என்று பார்த்தால் மூன்றும் தனித்தனி அறைகளில் குடியிருக்கின்றன. உடம்பில் நடப்பதைப் பேச்சுத் தமிழ் முழுக்க விஷத்திடம் ஒப்படைத்துவிட்டது. விஷம் ஏறும், இறங்கும், முறியும். விஷக்கடி வைத்தியர்தான் உண்டு, நஞ்சுக்கடி வைத்தியர் எங்கும் இல்லை. கடித்தது எதுவென்று தெரியாமல் உடம்பு தடித்தால் காணாக்கடி. விலைவாசிகூட விஷம் மாதிரி ஏறுகிறது. செய்தித்தாளும் அதே வழிதான்: போபாலில் 1984 டிசம்பரில் நடந்தது விஷவாயு விபத்து, கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் சாவது விஷவாயு தாக்கி, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்து 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது விஷச்சாராயம். இலங்கைச் செய்திகளிலும் 'உணவு விஷமானதால்' மாணவர்கள் மருத்துவமனையில் என்று வரும். நம் பக்கம் அதற்கு ஃபுட் பாய்சன்.

நஞ்சு எழுத்திலும் பழமொழியிலும் வாழ்கிறது. 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்பதில் அதைத் தூக்கிவிட்டு விஷத்தைப் போட்டுப் பாருங்கள், மிஞ்சினாலோடு இருக்கும் இயைபு போய்ப் பழமொழி செத்துவிடும். நெஞ்சு, வஞ்சம், அஞ்சு என்று இத்தனை எதுகைச் சொந்தங்கள் இருப்பதுதான் இந்தச் சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மூதுரையில் வரும் 'நஞ்சுடைமை தானறிந்து நாகங் கரந்துறையும் அஞ்சாப் புறங்கிடக்கும் நீர்ப்பாம்பு' என்ற அடியும் அப்படித்தான் மனத்தில் நிற்கிறது. விஷம் இருக்கிற பாம்பு ஒளிந்துகொள்கிறது, இல்லாத தண்ணீர்ப் பாம்பு பயமில்லாமல் வெளியே கிடக்கிறது. கொங்குப் பக்கமும் கர்நாடகத்திலும் இந்தச் சொல் ஆட்கள் பெயராகவே இருக்கிறது: நஞ்சப்பன், நஞ்சம்மாள், நஞ்சுண்டன். கபினி ஆற்றங்கரையில் நஞ்சன்கூட்டில் இருக்கும் நஞ்சுண்டேசுவரர்தான் இந்தப் பெயர்களுக்கு மூலம். விஷத்தை உண்டு அடக்கிய சிவன், நோய் தீர்ப்பவர். திப்பு சுல்தான் தன் யானையின் கண் குணமானதற்காக அவரை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்ததாக அங்கே கதை சொல்வார்கள். சமீபத்தில் நஞ்சு மறுபடியும் மேலே வந்ததற்கு இயற்கை வேளாண்மைக்காரர்கள் காரணம். 'நஞ்சில்லா உணவு' என்ற தொடர் இன்றைக்குக் கடைப் பலகைகளில்கூட இருக்கிறது.

நச்சு பாடப்புத்தகத்துக்கும் அறிவியலுக்கும் உரியதாகிவிட்டது. நச்சியல், நச்சுத்தன்மை, நச்சுமுறி. கூட்டுச்சொல் செய்ய இதைவிட வசதியான வடிவம் கிடையாது. ஒரு குறை உண்டு: கடித்துச் செலுத்தும் விஷத்தையும், தின்றால் கொல்லும் விஷத்தையும் தமிழில் ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். தேவைப்பட்டால் பாம்பு நஞ்சு, தாவர நஞ்சு என்று அடைகொடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். தனியாகப் புதுச்சொல் படைக்க வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வரவில்லை. சித்த மருத்துவத்தில் பாஷாணம் என்று ஒன்று இருக்கிறது. மூலச் சொல்லுக்குக் கல் என்று பொருள், அதனால் வீரம், தாளகம், மனோசிலை போன்ற கனிமங்களுக்கு அது உரியது. இயற்கையாகக் கிடைக்கும் பிறவி 32, செய்து எடுக்கும் வைப்பு 32 என்று 64 பாஷாணங்களாக வகுத்திருக்கிறார்கள். உங்கள் அறிக்கைக்கு அது வேண்டாம்.

வேண்டியது இன்னொரு சொல், நீங்கள் கேள்வியில் சேர்க்காதது: மருந்து. பூச்சிக்கொல்லியை வயலில் யாரும் நஞ்சு என்றும் சொல்வதில்லை, விஷம் என்றும் சொல்வதில்லை. 'மருந்து அடிக்கணும்', 'எலி மருந்து வாங்கிட்டு வா'. ஒருவர் 'மருந்தைக் குடிச்சுட்டார்' என்றால் ஊரில் எல்லோருக்கும் என்ன என்று புரியும். சொந்தக்காரர் சோற்றில் 'மருந்து வச்சுட்டாங்க' என்பதும் இதே மருந்துதான். உங்கள் பெரியப்பாவுக்கு 'நச்சு' புரியாமல் போனது பெரிய ஆபத்து அல்ல. கையில் இருக்கும் டப்பாவுக்கு மருந்து என்று பெயர் இருப்பதுதான் ஆபத்து. அந்தப் பெயரிலேயே குணப்படுத்தும் பொருள் ஒட்டியிருக்கிறது. அளவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் நல்லதுதானே என்ற எண்ணமும் காலி டப்பாவில் தண்ணீர் பிடித்து வைக்கும் தைரியமும் ஓரளவு அந்தப் பெயரிலிருந்தே வருகின்றன என்று நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

எனவே நான் எழுதினால் முதல் வரி இப்படி இருக்கும்: 'நாம் மருந்து என்று சொல்வது விஷம்.' அவர்கள் சொல்லும் சொல்லும் அவர்கள் பயப்படும் சொல்லும் ஒரே வரியில் வந்துவிடும். நஞ்சு மாட்டுக்குப் போய்விடும், நச்சு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். தமிழா வடமொழியா என்ற கணக்கை இந்த ஒரு இடத்தில் தள்ளி வையுங்கள். உள்ளே விளக்கம் எழுதும்போது நச்சுத்தன்மை, நச்சுமுறி எல்லாம் தாராளமாக வரலாம்.

அப்புறம், சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். டப்பாவில் சாய்ந்த சதுரமாக ஒரு குறி இருக்கும், அதைப் படமாகவே அறிக்கையில் போடுங்கள். அதன் கீழ்ப்பாதி நிறம்தான் விஷத்தின் கடுமையைக் காட்டும் வகைப்பாடு. சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், மேல்பாதியில் மண்டையோடும் இருக்கும். வாய்வழி போனால் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ சோதனை விலங்குகளில் பாதியைக் கொன்றுவிடும் என்ற வகை அது. மஞ்சள் அடுத்தது, 51 முதல் 500 வரை. அதிலும் விஷம் என்ற எச்சரிக்கை இருக்கும். நீலத்தில் அபாயம், பச்சையில் எச்சரிக்கை என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். பச்சைக்குப் பக்கத்தில் மட்டும் நீங்களே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'இதுவும் விஷம்தான், வீரியம் குறைவு, அவ்வளவே.' சிக்னலில் பச்சையைப் பார்த்தால் போகலாம் என்று பழகிய கண் நமக்கு.